கதவு எண்ணுக்கு நான் பொறுப்பு

உங்களுக்கு ஒரு வலைத்தளத்தைப் பரிந்துரைக்கிறேன். அதன் பெயர் ‘கதவு எண்’. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் உரிமைக்காக நான் ஒவ்வொரு நவம்பரிலும் அரசு அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அதை எழுதுகிறவள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கே.’ என்று மட்டும் இருக்கும். இதுவரை குடியிருந்த வாடகை வீடுகளைப் பற்றி, வீட்டுக்கு ஒரு பக்கமாக எழுதுகிறாள். படங்கள் கிடையாது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பக்கத்தின் தலைப்பு அந்த வீட்டின் கதவு எண். தெருப் பெயரோ, வீட்டுக்காரர் பெயரோ இருக்காது. ஆனால் இப்படி எழுதியிருப்பாள்: “இந்த வீட்டில் மழை வருவது முதலில் காலண்டருக்குத் தெரியும். பிறகுதான் எனக்கு.” இன்னொரு வீட்டைப் பற்றி: “இங்கே அழுவதற்கு ஏற்ற இடம் மாடிப்படி திரும்பும் மூலை. எதிரொலிக்காது. வீட்டுக்காரம்மாவும் அங்கேதான் வருவார். முறை வைத்துக்கொண்டோம்.”

அதைப் படித்த அன்று நான் என் சமையலறையில் எங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இடம். ஆறு வருஷமாக அங்கேதான் நின்றிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கும்போது ஒரு நாளும் அங்கே போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது யாரும் தளங்களைத் திறந்து படிப்பதில்லை. ஃபோனில் இருக்கும் ஏ.ஐ. துணையிடம் கேட்கிறோம். துணை உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்கிறது. ஒருமுறை என் துணையிடம் ‘கதவு எண்’ எப்படி என்று கேட்டேன். “வாடகை வீடுகள் குறித்த தனிநபர் அனுபவங்கள். மனநிலை கலவையானது” என்றது. அதை அணைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒரு தளத்தின் முகவரியை ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொல்ல வேண்டுமென்றால் இணைப்புப் பொறுப்புச் சட்டத்தின்படி அதற்கு ஜாமீன் நிற்க வேண்டும். ஒரு தளத்துக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகவரி அணைந்துவிடும். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் நேரில் போய்க் காட்டுவதுபோல் பொறுப்பாளரும் போய்க் காட்ட வேண்டும். நாங்களும் அதை உயிர்ச்சான்று என்றுதான் சொல்வோம். எனக்கு முன்னால் இதற்குப் பொறுப்பு நின்றவள் நான் வேலை பார்க்கும் பல் செட் லேபில் இருந்தாள். கனடா போகும்போது, “மேகலா, இதை நீ பார்த்துக்க. செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரிதான்” என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

இந்த வருஷம் செடிக்குப் புகார் வந்தது.

* * *

“எந்தப் பக்கத்து மேல புகார்?” என்று ரெக்ஸ் கேட்டான். என் கணவன். திருச்சியில் நாங்கள் இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவன் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டான்.

“கதவு எண் 4-சி. அவ கடைசியா எழுதினது.”

“யார் குடுத்தது?”

“வாடகைக்கு வீடு விடுற ஏதோ கம்பெனி. பேரை நமக்குச் சொல்ல மாட்டாங்களாம். இதுல கூத்து என்னன்னா, அந்தப் பக்கத்துல கம்பெனி பேரே கிடையாது. அவங்களே படிச்சு, இது நாமதான்னு அவங்களே கண்டுபிடிச்சிருக்காங்க.”

அவன் சிரிக்கவில்லை. “புகார் நிலுவையில இருக்கும்போது நீ மறுபடி பொறுப்பு நின்னா உன் நம்பக எண் இறங்கும். தெரியும்ல?”

“தெரியும்.”

“வியாழக்கிழமை உன் உயிர்ச்சான்று. வெள்ளிக்கிழமை நமக்குப் பால் காய்ச்சுறது. நடுவுல எண் இறங்கினா வீடு போச்சு. ஒரு மாசமா அலைஞ்சு கிடைச்ச வீடு.”

அலைந்தது உண்மை. ரெக்ஸ் என்று ஒரு பெயர், மேகலா என்று ஒரு பெயர், இரண்டையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால் புரோக்கர்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் பொன்மலைப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் இடம் கிடைத்தது. அங்கே எதையும் விசாரிக்கவில்லை. ‘எல்லோரும் வரலாம்’ என்று வாசலிலேயே எழுதியிருந்தது. எங்களை எவ்வளவு நம்பலாம் என்று அரசு போட்டு வைத்திருக்கும் நம்பக எண்ணைப் பார்த்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

“அந்தப் பொம்பளை யாருன்னே உனக்குத் தெரியாது மேகலா. அவளுக்காக நாம நடுத்தெருவுல நிக்கணுமா?”

“நான் விலகினா அது அணைஞ்சிரும்.”

“அணைஞ்சா என்ன? எத்தனையோ அணைஞ்சு போச்சு.”

அவன் கேட்டதில் தவறில்லை. எனக்குள்ளேயும் ஒருத்தி அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள், அவனைவிடக் கெட்டிக்காரத்தனமாக. நீ ஒன்றும் வீராங்கனை இல்லை, ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காதலிக்கிறாய், அவ்வளவுதான் என்றாள்.

* * *

செவ்வாய்க்கிழமை புது வீட்டைக் கழுவிவிடப் போனோம். நான்காவது மாடி. சமையலறைக் கதவு திறக்கவில்லை. ரெக்ஸ் தோளால் இடித்தான். நான் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கித் தள்ளினேன். திறந்தது.

“எப்படித் தெரியும்?” என்றான்.

எனக்கே தெரியவில்லை. கை தானாகச் செய்தது. பிறகு ஜன்னலைத் திறந்தேன். கீழே ரயில் பெட்டிகள், சக்கரம் இல்லாமல் வரிசையாக. அந்த நேரம் பார்த்து ரயில்வே பட்டறைச் சங்கு ஊதியது. “இந்தச் சங்கு ஊதும்போது பேச்சை நிறுத்திவிட்டால் விருந்தாளி. நிறுத்தாமல் குரலை உயர்த்தினால் குடித்தனக்காரர்” என்று கே. எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. “சமையலறைக் கதவு ரோஷக்காரி. தள்ளினால் வராது, தூக்கிவிட வேண்டும்” என்பதும் வந்தது. வெளியே போய்க் கதவில் இருந்த எண்ணைப் பார்த்தேன். 4-சி. சாவி வாங்கிய நாளிலிருந்து அந்த எண் என் கையில் இருந்திருக்கிறது. ஊரில் எத்தனையோ 4-சி என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பக்கத்தை நான் பல தடவை படித்திருந்தேன். அதன் கடைசிப் பகுதி இது:

“அம்மா பத்து நாள் வந்து தங்கினாள். அம்மா பேசும் தமிழ் எங்கள் தெருவுக்குள் மட்டும் பேசும் தமிழ். அவள் ஊருக்குப் போன மறு வாரம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று வந்தது. காரணம், பொருத்தம் குறைவு. முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று முகத்துக்கு நேராக விசாரிப்பார்கள். பொய் சொல்லலாம், திட்டலாம், எழுந்து வரலாம். இப்போது விசாரிப்பதில்லை. சுவர் ஒட்டுக்கேட்கிறது. ஸ்விட்ச் போர்டுக்கு மேலே மிளகு அளவு ஓட்டை. என் நெற்றியில் இருந்ததை எடுத்து அதில் ஒட்டிவிட்டேன். தினமும் பார்த்துப் பார்த்து இப்போது அந்தச் சுவர் எனக்குத் தங்கச்சி மாதிரி ஆகிவிட்டது.”

ஸ்விட்ச் போர்டுக்கு மேலே, டைல்ஸில், மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது.

பொட்டை எடுத்துக் கண்ணாடியிலும் டைல்ஸிலும் ஒட்டாத பெண் ஏது? துடைக்க வந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள், பார்த்ததாக நினைத்திருக்க மாட்டார்கள். நான் அதன் முன்னால் நின்றேன். அதுவரை கே. எனக்கு எழுத்துகள்தான். இப்போது அவளுக்கு ஒரு நெற்றி இருந்தது.

நகத்தால் மெல்ல உரித்தேன். மிளகு அளவு ஓட்டை. உள்ளே கொசுவலையைவிட மெல்லிய கம்பி வலை. ஃபோன் வெளிச்சத்தில் மினுங்கியது. புகாரில் அந்தக் கம்பெனி, ‘எங்கள் வீடுகளில் ஒலிவாங்கிகள் எதுவும் இல்லை’ என்று சொல்லியிருந்தது.

“ரெக்ஸ், இங்க வா.”

அவன் வரும்போதே ஃபோனில் பேசிக்கொண்டு வந்தான். அவன் அம்மா. ஸ்பீக்கரில் போட்டால்தான் அத்தைக்குப் பேசிய திருப்தி. காது கேட்காதவர்களுக்குச் சொல்வதுபோல் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். “ஏலேய், பால் காய்ச்சுறப்ப மேகலா வீட்டு ஆளுங்க இருப்பாங்கல்ல, அவங்க போகட்டும். அப்புறமா நான் மாட்டுக்கறி வறுத்து எடுத்தாரேன். நம்ம தெருச் சனம் நாலு பேரு கூட வருவாங்க. எடமிருக்கா அங்க?”

“இருக்கும்மா. வாங்க” என்றான் ரெக்ஸ். நானும் “அத்தை, எனக்குக் கொஞ்சம் தனியா எடுத்து வைங்க” என்று கத்தினேன். அவர் சிரித்த சிரிப்பு டைல்ஸில் பட்டுத் தெறித்தது.

அத்தை ஃபோனை வைத்த பிறகு ஓட்டையைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். “ஏதாவது பழைய ஆணி அடிச்ச ஓட்டையா இருக்கும்” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பொட்டைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன். பசை காய்ந்துபோயிருந்தது. நிற்கவில்லை. ஃபோனின் பின்னால் உறைக்குள் வைத்துக்கொண்டேன்.

* * *

அன்று இரவுச் சாப்பாட்டில் சண்டை. “ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகுது. நாமளும் ஒரு பொட்டு ஒட்டிக்குவோம். முடிஞ்சுது” என்றான். கேட்கும்போது எவ்வளவு எளிதாக இருந்தது. ஒரு பொட்டு. என் வீட்டில் நான் வாயைப் பொத்திக்கொள்வதற்குப் பதிலாகச் சுவரின் வாயை, இல்லை, காதைப் பொத்திக்கொண்டு வாழலாம். அத்தை வரும்போதெல்லாம் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

“அவ பக்கத்துல இருக்குறது பொய் இல்லை ரெக்ஸ். இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விலகினா...”

“விலகினா என்ன? யாரு உன்னைக் கேக்கப் போறா?”

“நான்தான்.”

“உனக்கு வீடு வேணுமா, வேணாமா?”

“வேணும்” என்றேன். அது பொய்யில்லை. அந்த ஜன்னலைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்த வீடு முன்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது ரெக்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தான். டேப் உருட்டுக் கையில் இருந்தது. மறுபடி ஆரம்பிப்பான் என்று தயாராக நின்றேன்.

“நாளைக்கு உனக்கு என்ன தோணுதோ அதைச் செய்” என்றான்.

“கோவமா?”

“இல்லம்மா. உன் இஷ்டம்.”

ஒரே நாளில் மாறிவிட்டானே என்று நினைத்தேன். என்னைப் புரிந்துகொண்டான் என்றுகூட நினைத்தேன். அந்த இரவு எனக்குள் இருந்த கெட்டிக்காரியும் வாயைத் திறக்கவில்லை.

* * *

இணைப்புப் பதிவு அலுவலகத்தில் வருஷா வருஷம் என் முகத்தைச் சரிபார்ப்பவர் ஹபீபா மேடம். சிரித்ததில்லை, சிடுசிடுத்ததும் இல்லை. திரையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“புகார் இருக்கு. விலகிக்கிறீங்கதானே? இங்க கை வைங்க, ரெண்டு நிமிஷ வேலை.”

“விலகலை மேடம்.”

என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். “உங்களை மாதிரி ஆளுங்க இந்தச் சட்டத்தைக் கொடுமைன்னு நினைப்பீங்க, இல்லையா?”

“ஆமா.”

“என் தம்பி போர்வை விக்கிறவன். ஒரு ஊர்ல போய் இறங்கியிருக்கான். அதுக்கு முன்னாடியே அங்க ஒரு வீடியோ போயிருக்கு, பிள்ளை பிடிக்கிறவங்க வர்றாங்கன்னு. அடிச்சே போட்டுட்டாங்க. கோர்ட்ல வெச்சு ஒவ்வொருத்தரா விசாரிச்சாங்க. எனக்கு வந்துச்சு, நான் அனுப்பினேன். எனக்கு வந்துச்சு, நான் அனுப்பினேன். ஊரு பூரா அதையேதான் சொல்லுச்சு. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நான் பார்த்தேன்னு சொல்லலை.” குரலை உயர்த்தாமலே சொன்னார். “அதுக்கப்புறம் வந்த சட்டம் இது. எனக்கு இது கொடுமை இல்லை.”

சுமந்து வந்த வாதங்கள் எல்லாம் என் கையிலேயே கனத்தன. அவருடைய தம்பிக்கு எதிராக வாதாட எனக்கு ஆசையில்லை. பிறகு, வாதாடவே வேண்டியதில்லை என்று தோன்றியது.

ஃபோன் உறையைக் கழற்றி மெரூன் பொட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இது என்ன?”

“4-சி சுவத்துல இருந்தது மேடம். அந்தப் பக்கத்துல எழுதியிருக்குற அதே இடத்துல. இதுக்கு அடியில ஓட்டை, உள்ள கம்பி வலை. எனக்கு யாரும் அனுப்பலை. நான் பார்த்தேன்.”

அவர் பொட்டைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ, “என்னம்மா, உள்ள குடித்தனமே நடத்துறீங்களா?” என்றார்.

“பொருளெல்லாம் வாங்கிக்க எங்களுக்கு அனுமதி இல்லை” என்றார் ஹபீபா மேடம். பிறகு, விதிப்படி வாசிக்க வேண்டியதை வாசித்தார். “புகார் தீரும்வரை உங்கள் நம்பக எண் குறைக்கப்படும். குடியிருப்பு, கடன், பயணம், பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் இதன் விளைவு இருக்கும். புரிகிறதா?”

“புரியுது.”

“கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க.”

“‘கதவு எண்’ உயிரோடு இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு.”

சங்கு ஊதும்போது குரலை உயர்த்துகிறவளைப்போல் சொன்னேன். அவர் செல்லோ டேப்பை இழுத்துக் கிழித்து, அந்தப் பொட்டைத் தன் திரையின் ஓரத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டினார்.

“வாங்கிக்கத்தான் கூடாது. உங்க கையில இருந்தா நீங்க தொலைச்சிருவீங்க” என்றார். “அடுத்தவங்க வாங்க.”

* * *

வீட்டுக்கு வந்து ரெக்ஸிடம் சொன்னேன். “நின்னுட்டேன். எண் இறங்கிருச்சு. இனிமே அவங்க கூப்பிட்டுச் சொல்வாங்க, சாவியைக் குடுன்னு.”

“சொல்லிட்டாங்க” என்றான்.

“அதுக்குள்ளயா?”

அவன் டேப் உருட்டைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தான். “நேத்து மத்தியானமே சொல்லிட்டாங்க மேகலா. நீ வர்றதுக்கு முன்னாடி. ஒப்பந்தம் ரத்து. ஏன்னு கேட்டேன். பொருத்தம் குறைவாம்.”

அதே இரண்டு சொற்கள். செவ்வாய்க்கிழமை என் நகத்தால் உரித்த மெரூன் பொட்டும், டைல்ஸில் தெறித்த அத்தையின் சிரிப்பும், தனியாக எடுத்து வைங்க என்று கத்திய என் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உண்மையா என்று பார்க்கத்தான் உரித்தேன். பார்த்த அந்தச் சில நிமிஷம் அதுவும் எங்களைக் கேட்டிருக்கிறது.

“ஏன் நேத்தே சொல்லலை?”

“அம்மா கறியைப் பத்திப் பேசினதாலதான்னு எப்படி என் வாயால சொல்றது?” என்றான். டேப் உருட்டைக் கீழே வைத்துவிட்டு, “அது ஆணி ஓட்டைன்னு வேற உன்கிட்ட சொல்லியிருந்தேன்” என்றான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதன்கிழமை இரவு என் கணவன் என்னைப் புரிந்துகொண்டான் என்று நான் மகிழ்ந்ததை அவனிடம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துச் சிரிப்பு வந்தது. வீட்டை இழக்கத் துணிந்து போய் நின்றேன். அப்போது இழப்பதற்கு வீடே இல்லை. அப்படியானால் நான் கொடுத்தது என்ன என்று யோசித்தேன். துணிந்தது மட்டும் மிச்சம் இருந்தது. அதை யாரும் ரத்து செய்ய முடியாது.

வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய பாலை அத்தை வீட்டில் காய்ச்சினோம். பொங்கி வழிந்தது. என் வீட்டு ஆட்கள் வரவில்லை, கறி எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. இப்போது புத்தூரில் ஒரு சந்தில், மேல்மாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் முதல் கேள்வியாகவே “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். ரெக்ஸ், “கொஞ்சம் சத்தமான ஆளுங்க சார்” என்றான். அவர் யோசித்துவிட்டு வாடகையை ஏற்றிச் சொன்னார். மழைக்காலத்தில் கூடத்துச் சுவர் ஓதமடிக்கும் என்று நினைக்கிறேன். காலண்டர் மாட்டியிருக்கிறேன்.

4-சி வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் போனேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை மேலே ஏறினேன். சமையலறைக் கதவைத் தூக்கித் திறந்தேன். ஓட்டைக்கு நேராக, வாயைக் கிட்டே கொண்டுபோய் நின்றேன்.

“என் பேர் மேகலா. என் மாமியார் பேர் ஆரோக்கியமேரி. அவங்க வைக்கிற மாட்டுக்கறி வறுவல் மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. எனக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவளை எனக்குத் தெரியாது. ஆனா அவ எழுதினது அத்தனையும் உண்மை” என்றேன். பிறகு ‘கதவு எண்’ முகவரியை, எழுத்து எழுத்தாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் இரண்டு முறை சொன்னேன். அதுவும் ஒரு பரிந்துரைதான். சட்டப்படி எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

பிறகு என் நெற்றியில் இருந்ததை எடுத்து அழுத்தி ஒட்டினேன். பச்சை நிறம். பசை புதிது.

‘கதவு எண்’ணைப் படியுங்கள். அவளுடைய அடுத்த பக்கத்துக்காக நானும் காத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது என்றைக்காவது அந்த நான்காவது மாடி வீடு கிடைத்தால், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே பச்சைப் பொட்டு ஒன்று இருக்கும். அதை உரித்துப் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன். அதற்கு நான் பொறுப்பு.